கண்ணின் நடுவே ஒரு துளை



"ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எதிரில் நிற்பவர் முகம் மட்டும் அழிந்து தெரிகிறது, ஓரத்தில் உள்ளதெல்லாம் நன்றாகத் தெரிகிறது." ரவாங் வட்டாரத் தோட்டங்களில் மரம் சீவி ஓய்வு பெற்ற பெரியவர்கள் சிலர் இப்படிச் சொல்வதை நாம் கேட்டிருப்போம். வயதாகிவிட்டது என்று மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்ப்பார்கள். பயன் இருக்காது. இதற்குக் காரணமாகக் கூடிய கோளாறுகளில் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம்.

கண்ணின் உட்புறச் சுவரில் மெல்லிய விழித்திரை இருக்கிறது. அதன் நடுவிடத்தை மாக்குலா என்பர். எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்தச் சிறு இடத்தால்தான். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் தெளிந்த கூழ், வயது ஏற ஏறச் சுருங்கி, விழித்திரையை விட்டுப் பிரிகிறது. இது பெரும்பாலோருக்கு நடப்பதே. சிலருக்கு மட்டும் அந்தக் கூழ் நடுவிடத்தை விடாமல் பிடித்து இழுக்க, அங்கே துளை விழுகிறது. அறுபதைத் தாண்டிய பெண்களுக்கே இது அதிகம். செம்பனைக் குலை வெட்டும்போது கண்ணில் பலத்த அடி பட்டால் இளைஞருக்கும் வரலாம்.

முன்பு இதற்கு வைத்தியமில்லை என்றே சொல்லி வந்தார்கள். 1991இல் அமெரிக்காவில் கெல்லி, வெண்டல் என்ற இரு மருத்துவர்கள் 52 கண்களில் அறுவை செய்து, 30 கண்களில் துளையை மூடிக் காட்டினர். இன்று சிறிய துளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் மூடிவிடுகின்றன.

ஆனால், துளை மூடுவது வேறு, பார்வை திரும்புவது வேறு. "ஆப்பரேசன் செய்தால் பழையபடி தெரியுமா?" என்று குடும்பத்தார் கேட்கும்போது, மருத்துவர் குத்துமதிப்பாகப் பதில் சொல்வதில்லை. ஒளியைப் பாய்ச்சி விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமெடுத்து, துளையை அளக்கிறார். இதில் வலி இல்லை. கால் மில்லிமீட்டருக்கு உட்பட்டது சிறிய துளை. 0.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரியது, மூடுவதும் கடினம். துளை விழுந்து எத்தனை மாதமாயிற்று, இப்போது எத்தனை வரி படிக்க முடிகிறது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். ஆறு மாதத்துக்குள் வந்தவருக்கு நம்பிக்கை அதிகம். தீபாவளி கழியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறோமே, அதற்குள் துளை பெரிதாகிவிடக்கூடும்.

அறுவையில் கூழை எடுத்துவிட்டு, கண்ணுக்குள் வாயுவை நிரப்புகிறார்கள். பின்னர் சில நாள் முகத்தைக் குப்புறக் கவிழ்த்திருக்கச் சொல்வதுண்டு. வாயு கரைய, அதன் வகையைப் பொறுத்து, இரண்டு முதல் எட்டு வாரம் ஆகலாம். அதுவரை விமானப் பயணம் கூடாது. கெந்திங், கேமரன் போன்ற மலைகளுக்கும் போகக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை அழுத்தும். பின்னாளில் கண்புரை வளர்வதும் வழக்கம், அதை எடுத்துவிடலாம்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள், பிறகு மறு கண்ணால் பாருங்கள். கம்பி நடுவில் வளைந்தோ அறுந்தோ தெரிந்தால், ரவாங் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய்க் கடிதம் வாங்கி, செலாயாங் மருத்துவமனைக் கண் பிரிவுக்குச் செல்லலாம். அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். ஆகவே மோட்டார் சைக்கிளில் தனியே போகாமல், மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.