விண்மீன் மீது ஏற்றிய பழி



பேரிடர் என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தார் ‘டிசாஸ்டர்’ என்பர். அச்சொல்லைப் பிளந்து நோக்கின் உள்ளே ஒரு விண்மீன் இருக்கக் காணலாம். இத்தாலிய மொழியில் ‘அஸ்த்ரோ’ என்பது விண்மீன். முன் நிற்கும் ‘டிஸ்’ தீமையைக் குறிப்பது. தீய மீனின் பார்வையால் நேர்வது ‘டிஸாஸ்த்ரோ’. 16 ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலம் புகுந்தது. ‘இன்புளுயென்சா’ என்னும் சுரத்தின் பெயரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் எட்மண்டு என்பான் ஒருவன் வருகிறான். தம் தீவினைப் பயனைச் சூரிய சந்திரர் மேல் சுமத்துவோரை அவன் எள்ளி நகையாடுகிறான். தந்தையையே வஞ்சித்த கொடியவன் அவன். ஆயினும் என்? கொடியோர் வாயிலும் ஒரோவழி மெய் பிறத்தல் உண்டு.

1755 ஏப்ரலில் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்தது. அதில் இச்சொல்லுக்கு முதற்பொருள் தீய கோளின் தாக்கு என்பதே. துன்பம் என்பது இரண்டாவதுதான். அதே ஆண்டு நவம்பர் 1 காலை போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பன் மாநகர் நிலநடுக்கத்தால் இடிந்தது. அன்று கிறித்தவர்க்குச் சகல புனிதர் திருநாள். தொழுதுகொண்டிருந்தோர் மீதே கூரை வீழ்ந்தது, பின்னர்க் கடல் பொங்கிற்று, தீயும் பரவிற்று. பல்லாயிரவர் மாண்டனர். தெய்வச் சினம் என்றனர் பலர். அமைச்சர் பொம்பாலோ, நடுக்கம் எத்துணை நேரம் நீடித்தது, மாண்டோர் எத்தனை பேர் என ஊர்தோறும் வினாவோலை போக்கினார். ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கி எழுப்பியது இயற்கையன்று என்று ரூஸோ 1756 இல் வால்டேருக்கு மடல் வரைந்தார். பழி விண்ணிலிருந்து மண்ணுக்கு இறங்கத் தொடங்கிற்று.

நம் நாட்டின் 2005 ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், இயற்கையோடு மனிதர் செயலையும், விபத்தையும், கவனக்குறைவையும் காரணங்களாக எண்ணுகிறது. விண்மீனுக்கு அங்கே இடமில்லை.

கோளறு பதிகம் ஓதும் நமக்கு இது புதிதன்று. ஆயினும் 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றி, 40க்கும் மேற்பட்டோர் மாண்டனரே! நன்முகூர்த்தம் தேர்ந்து நடந்த விழாதான் அது.

இப்பந்தலுக்கு வடக்கிலும் மேற்கிலும் வழி விட்டிருக்கிறார்கள். அவ்வழிகளில் மிதிவண்டி நிறுத்தியுள்ள அன்பர்கள் எழுந்து சென்று அகற்றிவிட்டு வாருங்கள். அதுவரை காத்திருந்து அடுத்த பகுதியைத் தொடங்குகிறேன்.