கண் அழுத்த நோய்: இருக்கிற பார்வையைக் காப்போம்



கண்ணுல பிரஷர்னு சொல்றாங்களே, அந்தக் குளுக்கோமா பற்றிப் பேசுகிறேன். என் மாமியாருக்கு இது இருக்கிறது.

நம் கண்ணுக்குள் ஒரு நீர் சுரந்து, வடிந்துகொண்டே இருக்கும். வடிகால் சரியில்லை என்றால் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கெட்டுப்போகும். இதில் முக்கியமாக ரெண்டு வகை. ஒன்று, வலியே இல்லாமல் வருஷக்கணக்கில் ஓரப் பார்வையைக் குறைக்கும். மாமியார் கதவு நிலையில் அடிக்கடி இடிச்சுக்கிட்டப்போ, வயசாயிடுச்சுன்னுதான் அவங்க நினைச்சாங்க. இன்னொன்று, வடிகால் திடீரென அடைபடுவது. கண் சிவந்து வலிக்கும், தலைவலி, வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

கண்புரையில் மங்கின பார்வை ஆபரேஷன் செய்தால் திரும்பும். இதில் போனது போனதுதான். சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே மிச்சப் பார்வையைக் காக்கத்தான். பார்வை கூடலையேன்னு மருந்தை நிறுத்திடாதீங்க. டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீங்க, அதுவும் அழுத்தத்தை ஏற்றும்.

ரத்த சொந்தத்தில் இருந்தால் நமக்கும் வரலாம். அதனால் என் வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். 40 வயசு தாண்டியவங்க முகாமுக்குப் போனால் கண்ணாடி பவர் மட்டும் பார்த்துட்டு வராதீங்க. அழுத்தமும் நரம்பும் பார்க்கணும்னு கேளுங்க.

குழுக் கடனில் ஆடு மாடு வாங்குகிறோம். சொட்டு மருந்து வாங்கவும் கேட்கலாம், தப்பில்லை.