நேசமணி வக்கீலும் நம்முடைய காகிதமும்



இன்று ஒரு வக்கீலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மக்களுக்காக அவர் நடத்திய வழக்கில் பாதி ஜெயித்தது, பாதி தோற்றது. தோற்ற பாதியில்தான் நாம் இருக்கிறோம். ஆகவே அவர் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் பெயர் நேசமணி. விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895-ல் பிறந்தவர். நாகர்கோவில் கோர்ட்டில் தொழில் செய்தார். அங்கே மேல்சாதி வக்கீலுக்கு நாற்காலி, மற்றவருக்கு முக்காலி என்று வழக்கம் இருந்ததாம். முதல் நாளே முக்காலியை உதைத்துத் தள்ளினார் என்று அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசை அவர் தலைமையேற்று நடத்தினார். தமிழர் வாழும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. 1952-ல் நாகர்கோவிலின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் போனார். 1954-ல் நம் மூணாறுக்கே வந்து, தடையுத்தரவை மீறிக் கைதானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ல் தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின.

1955-ல் மாநிலச் சீரமைப்புக் கமிஷன் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தமிழகத்துக்கு என்றது. 1956 நவம்பர் 1-ல் அவை கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையும் போயிற்று. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன.

தேவிகுளத்தில் அன்று தமிழரே பெரும்பான்மை. பிறகு ஏன் அப்படி? பொருளாதாரக் காரணங்களும் சொன்னார்கள். ஆனால் முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத் தமிழர்கள் வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்லர் என்ற வாதம் எடுபட்டது. காட்டைத் தேயிலையாக்கியவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. குடியிருந்த லயம் கம்பெனியுடையது. தலைகளின் எண்ணிக்கை இருந்தது. வேரைக் காட்டக் காகிதம் இல்லை.

எல்லையை இன்று மாற்றச் சொல்லி நான் இதைப் பேசவில்லை. நம் பிள்ளைகள் இங்கேதான் பிறக்கிறார்கள், இங்கேதான் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்தப் பழைய வாதம் இன்னும் சாகவில்லை என்று சொல்கிறேன்.

2021-ல் தேவிகுளத்தில் ஜெயித்த அ. ராஜா, கேரளச் சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். நமக்கெல்லாம் பெருமை. அவருடைய பட்டியல் சாதித் தகுதி மேல் வழக்கு வந்து, 2023-ல் உயர்நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றது. அவருடைய முன்னோர் 1950-க்கு முன்பே இங்கே குடியேறினார்களா என்பதும் விசாரணைக்கு வந்தது. 2025-ல் உச்சநீதிமன்றம் தேர்தல் செல்லும் என்றது. எம்.எல்.ஏ.வுக்கே இந்தப் பாடு என்றால், சாதிச் சான்றிதழ் கேட்டு வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்கும் கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகளுக்கு என்ன பாடு!

சித்தூர், அட்டப்பாடி பக்கத்துத் தோழர்களும் கேளுங்கள். 1969-ல் கேரளம் போட்ட ஆட்சிமொழிச் சட்டத்தில், மொழிச் சிறுபான்மைத் தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், தம் பகுதி அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை பேர் அப்படி எழுதினோம்? பயன்படுத்தாத உரிமை துருப்பிடித்த கொழுந்துக் கத்தி போலத்தான்.

நேசமணி 1968-ல் காலமானபோதும் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். அந்தத் தொகுதியில் அடுத்து நின்று ஜெயித்தவர் காமராஜர். அவருக்குச் சிலை வைத்தவர்கள் வைக்கட்டும். நாம் செய்ய வேண்டியது வேறு. தாத்தாவின் பழைய சம்பளச் சீட்டு, பாட்டியின் பேற்றுப்பதிவு, பள்ளிக்கூடச் சான்று, பழைய ரேஷன் கார்டு எதையும் அடுப்பில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்; தமிழிலேயே மனு எழுதுவோம்.

வந்து போகிறவர்கள் என்று இனியொருவர் சொன்னால், நம் கையில் காகிதம் இருக்க வேண்டும்.