என்ன அரிசி சாப்பிடுகிறீர்கள்?

மருத்துவராகப் பதிவு பெறத் தேர்வு எழுதப் போகும் இளைஞர்கள் முன் ஒரு நோயாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காலும் வீக்கம். பாதம் மரத்துவிட்டது. குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது. உடனே பதில்கள் வரும்: இதயம், சிறுநீரகம், சர்க்கரை. பரிசோதனைப் பட்டியலும் நீளும். "ஐயா, என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்பவர் அபூர்வம்.

நேயர்களே, அந்தக் கேள்வியின் மதிப்பை உலகுக்குக் காட்டிய இடங்களில் ஒன்று மலேசியாவின் நெகிரி செம்பிலான். நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிபெரி நோய் கூலித் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. கிருமியா, ஈரக் காற்றா என்று மருத்துவர்கள் தடுமாறினார்கள். மாநில அரசு மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களை வாட்டிய நோய், தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அவ்வளவாக அண்டவில்லை. இருவரும் ஏழைகள்தான். வேறுபாடு சோற்றில் இருந்தது. சீனர்கள் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. 1907இல் அவர் இதை நூலாகவே எழுதினார்.

ஆனால், அரிசியில் நஞ்சு சேர்வதாக அவர் கருதியது தவறு. பிரேசர், ஸ்டான்டன் என்ற இரு ஆய்வாளர்கள் ஜெலுபு பகுதியில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களை இரு பிரிவாக்கினார்கள். வெள்ளை அரிசி உண்ட பிரிவில் நோய் வந்தது. புழுங்கலரிசிப் பிரிவில் வரவில்லை. இந்த உண்மைக்கு அந்தக் கூலிகள் தங்கள் உடம்பையே விலையாகக் கொடுத்தார்கள்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிமார் காரணம் தெரியாமலே காத்துவந்த மருந்து அது.

பெரிபெரி பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தோட்டப்புறங்களில் சம்சுவுக்கு அடிமையாகிச் சோற்றை மறந்தவர்களுக்கு இதே சத்துக் குறைவு வரலாம். "குடிகாரன் தள்ளாடுகிறான்" என்று திருப்பி அனுப்பினால் நினைவு தப்பலாம், உயிரும் போகலாம். நேரத்தில் கண்டுகொண்டால் மலிவான ஒரு ஊசி மருந்து போதும்.

இன்று சிரம்பான் மருத்துவமனையில் மாணவர்கள் நோயறிதல் பழகுகிறார்கள். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன் நோயாளியின் சாப்பாட்டுத் தட்டைப் பற்றி விசாரிக்கட்டும். பதிலைச் சோதித்துப் பார்க்கட்டும். மதிப்பெண் கிடைக்கும், ஒரு குடும்பத்தின் விளக்கும் அணையாது.