மருந்து ட்ரோன் கிளம்பும் முன்னே கேட்போம்!

(சங்கக் கூட்டத்தில் செயலாளர் பேசியது)

வளப்பூர் நாட்டிலிருந்தும் தின்னனூர் நாட்டிலிருந்தும் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே!

நம்ம மலையிலும் மருந்தடிக்கும் ட்ரோன் பற்றிய பேச்சு வந்துவிட்டது. "முதுகில் டப்பா சுமக்க வேண்டாமே, நல்லதுதானே" என்கிறார்கள். நாம் விஞ்ஞானத்துக்கு விரோதி இல்லை. ஆனால் ஒரு கேள்வி. அது கிளம்பும்போதே கீழே விழுந்தால் யார் பொறுப்பு?

வானத்திலிருந்து மருந்தடிப்பது புதுசு இல்லை. 1921-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் முதன்முதலாக விமானத்தில் அடித்தார்கள். நம் நாட்டிலும் 1970களில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் இதற்கென்றே 'பசந்த்' என்ற விமானத்தைச் செய்தது. இந்த விமானங்களுக்குக் கிளம்பும் நேரம் கண்டம். தொட்டி நிறைய மருந்து, டேங்க் நிறைய எரிபொருள், குட்டையான மண் ஓடுபாதை. வெயில் ஏற ஏற, இடம் உயர உயர, காற்று லேசாகும். தூக்கும் சக்தி குறையும். அதனால்தான் அவசரத்துக்கு மருந்தை மொத்தமாகக் கொட்டிவிட ஒரு கைப்பிடி வைத்திருப்பார்கள். விமானி பிழைப்பார், நல்லதுதான். கொட்டின மருந்து யார் காட்டில்? யார் குடிதண்ணியில்?

ட்ரோனில் ஆள் இல்லை. ஆனால் கணக்கு அதேதான். நாம் இருப்பது 1000 மீட்டருக்கு மேலே, காற்றடிக்கும் சரிவில். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணியில் கலக்கும் மருந்தை, ட்ரோனில் 10 லிட்டரில் கலக்கிறார்கள். அத்தனை மடங்கு காரம்! விழுந்தால் முழுத் தொட்டியும் ஒரே இடத்தில். மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். அப்படியானால் பக்கத்தில் நிற்கப் போவது நம்ம வீட்டுப் பெண்தான்.

காசர்கோட்டை மறக்க முடியுமா? அங்கே மலைமேல் முந்திரித் தோட்டம், கீழே குடியிருப்பு. 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் அடித்தார்கள். விபத்து ஏதும் இல்லாமலேயே குழந்தைகள் ஊனமாகப் பிறந்தார்கள். வேளாண்துறை ஊழியர் லீலாகுமாரி அம்மா கோர்ட்டுக்குப் போனார், தெளிப்பு நின்றது. உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடை போட்டது 2011-ல். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடு என்று உத்தரவிட்டது 2017-ல். எத்தனை வருஷம் பாருங்கள்! நம்ம ஊற்றுத் தண்ணியும் அய்யாறாகி, ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. மேலே சிந்தினால் கீழே உள்ளவனும் குடிப்பான்.

சட்டம் இல்லாமல் இல்லை. பூச்சிமருந்து விதிகள் 1971, விதி 43 சொல்கிறது: வானிலிருந்து தெளிப்பதை 24 மணி நேரம் முன்னதாக மக்களுக்கு அறிவிக்க வேண்டும். கழுவ வசதி, முதலுதவி, தெளிப்பவரே தர வேண்டும். ஆளும் மாடும் உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். ட்ரோன் விதிகள் 2021 மூன்றாம் நபர் காப்பீட்டைச் சொல்கிறது. காகிதத்தில் இருப்பது களத்துக்கு வர வேண்டும்.

எனவே நாம் கேட்பது:

1. கிராம சபை ஒப்புதல் இல்லாமல் ட்ரோன் தெளிப்பு கூடாது.
2. 24 மணி நேரம் முன்பே ஊர் ஊராகத் தண்டோரா போட வேண்டும். எந்த மருந்து என்று தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.
3. ஊற்று, ஓடை, பள்ளிக்கூடம், வீடு பக்கத்தில் மருந்து நிரப்பவோ கிளப்பவோ கூடாது.
4. காப்பீட்டுச் சீட்டையும் ஓட்டுநர் சான்றையும் முதலில் காட்ட வேண்டும்.
5. ஓட்டும் பெண்களுக்கு முழுப் பயிற்சி, பாதுகாப்பு உடை. விபத்தானால் பழி அவர்கள் தலையில் விழக் கூடாது.

நம்ம மலையில் இன்னும் விபத்து நடக்கவில்லை. நடந்த பிறகு கூட்டம் போட்டு என்ன பயன்? வருகிற கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!