மேல்நோக்கி வளரும் மண்

பாறை சிதைந்து மண்ணாகும் இடத்தில் மண் கீழ்நோக்கி வளர்கிறது. தஞ்சாவூரை ஒட்டிய வல்லம் மேட்டில் அப்படித்தான். காலங்காலமாக இறங்கிய மழைநீர் கரையக்கூடியதையெல்லாம் கொண்டுபோக, இரும்பு தங்கி மண் சிவந்தது. காவிரியின் கிளைகள் பாயும் கீழைச் சமவெளியில் கதையே வேறு. அங்கே மண் முதிர்வதற்குள் அதன்மேல் அடுத்த வண்டல் வந்து படிந்தது. தரையும் உயர்ந்துகொண்டே வந்தது.

எவ்வளவு படிகிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதே முக்கியம். ஆண்டுக்கு மெல்லிய பூச்சாக வந்தால் வேரும் மண்புழுவும் ஏரும் அதைக் கலந்துவிடும், மேல்மண் தடிக்கும். ஒரே வெள்ளத்தில் சாண் கணக்கில் வந்தால் பழைய தரை அப்படியே புதைந்துபோகும். டெல்டாவில் கிணறு வெட்டும்போது மணலும் களியும் மாறிமாறி வருவது இதனால்தான்.

காற்று தூசியைக் கொண்டுவந்து கொட்டும் நாடுகளிலும் இதே விதி. வட சீனத்தின் மஞ்சள் மண் பீடபூமியில், தூசி குறைந்த ஈரமான காலங்களில் உருவான செம்மண் பட்டைகள், வறண்ட காலத்துத் தூசிக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. காஷ்மீரின் கரேவா மேடுகளின் உச்சியிலும் காற்று கொணர்ந்த மண் உண்டு.

கரைமீறிய ஆறு வேகம் இழக்கும்போது கனத்த மணலை முதலில் இறக்கிவிடும். ஆற்றோரப் படுகை நிலம் அதனால் பொலபொலப்பாக இருக்கிறது. வாழைக்கும் கரும்புக்கும் ஏற்றது. நுண்ணிய களி தள்ளியுள்ள பள்ளங்களுக்குப் போய்ச் சேர்கிறது. மழையில் உப்பி, கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும் மண் அது. வெடிப்புக்குள் மேல்மண் சரிந்து விழுவதால் அடுக்குகள் தாமாகவே கலந்துவிடுகின்றன. மனிதரின் பங்கும் சிறியதல்ல: சேற்றுழவு அடியில் ஓர் இறுகிய தளத்தை உண்டாக்குகிறது, நீர் தேங்கிய வயலில் மண் சாம்பல் நிறம் கொள்ள, நெல் வேரைச் சுற்றி மட்டும் துருக் கோடுகள் படிகின்றன.

டெல்டாவில் காற்றின் கைவேலையைப் பார்க்க வேதாரண்யம் போக வேண்டும். கடற்கரையிலிருந்து காற்று அள்ளிவந்த மணல் அங்கே மேடாகக் குவிந்திருக்கிறது. அந்த மணலில் களி மிகக் குறைவு. ஈரமும் உரமும் தங்குவதில்லை. ஆயினும் முல்லையும் மாவும் அங்கே விளைகின்றன.

1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. வயலுக்கு வரும் நீர் முன்னைவிடத் தெளிந்தது. ஆறு தந்த பூச்சின் இடத்தில் இப்போது கோடையில் ஏரி, குளங்களில் அள்ளி வயலில் பரப்பும் வண்டலும் தொழுவுரமும் தழையுரமும்தான் சேர்கின்றன.