எம்டன் என்ற சொல்லுக்குப் பின்னால்



திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் ஒருநாள் மல்லாட்டை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். தராசை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார் ஒரு பெரியவர். "அவரு எம்டன்யா! ஒரு கிலோகூட அவர்கிட்ட அடிக்க முடியாது" என்றார் மூட்டை தூக்கியவர். சின்ன வயதில் என் பாட்டியும் என்னை "எம்டன்" என்றுதான் திட்டுவார். அது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்று அவருக்குத் தெரியாது.

முதல் உலகப் போர்க் காலம். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. சில நிமிடங்களில் சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். மறுநாளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பட்டணத்தைக் காலி செய்தார்கள். தெற்கே போன ரயில்கள் திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் தாண்டித்தானே போக வேண்டும்? இந்தச் சொல்லும் அந்த மூட்டை முடிச்சுகளோடு இங்கே இறங்கியிருக்கும் என்பது என் எண்ணம். கப்பலும் இலங்கைப் பக்கம்தான் போனது. நம் மரக்காணத்து மீனவர்களுக்குத் தெரியாமல், இருட்டில் இந்தக் கடலைக் கடந்திருக்கும்.

அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். 1873-இல் ஹனோவரில் பிறந்தவர், அதிகம் பேசாதவர். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள்தான். அவர் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே தெரியும். சரக்குக் கப்பல்கள் நம்பி அருகில் வந்து மாட்டிக்கொண்டன. நம் ஊர் சொல்லில் நிற்பது இந்தத் தந்திரம்தான்.

சொல்லில் நிற்காத ஒன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். பிடித்த கப்பலை மூழ்கடிக்கும் முன்பு அதிலிருந்த மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிடுவார் முல்லர். வங்காள விரிகுடாவில் 'கபிங்கா' என்ற கப்பலைப் பிடித்தபோது, அதன் கேப்டனின் மனைவியும் சிறு குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அந்தக் கப்பலை அவர் மூழ்கடிக்கவில்லை. மற்றக் கப்பல்களில் பிடிபட்டவர்களையும் அதிலேயே ஏற்றி அனுப்பிவைத்தார். விடைபெறும்போது அவர்கள் எம்டனை நோக்கி வாழ்த்துக் குரல் எழுப்பினார்கள். தங்கள் கப்பலை மூழ்கடித்தவனுக்கு வாழ்த்து! சென்னையில் செத்தவர்களின் வீட்டார் அப்படி வாழ்த்தியிருக்க மாட்டார்கள். அதையும் மறக்கக் கூடாது.

பினாங்கில் ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் வீழ்த்திய எம்டனை, நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' கப்பல் மடக்கியது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எட்ட நின்றே அடித்தன. எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எஞ்சியவர்களாவது பிழைக்கட்டும் என்று முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார்.

பிறகு மால்டாவில் சிறை, அடுத்து இங்கிலாந்தில் சிறை. 1917-இல் சுரங்கம் தோண்டித் தப்பியவர்களில் அவரும் ஒருவர்; மீண்டும் பிடிபட்டார். மலேரியா அவர் உடம்பை உருக்கிவிட்டது. 1923-இல், ஐம்பது வயது நிறையும் முன்பே இறந்தார்.

போர் முடிந்ததும், எம்டன் கதையை எழுதும்படி அவரை வற்புறுத்தினார்கள். எழுதியிருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவர் மறுத்துவிட்டார். கூட இருந்து செத்தவர்களின் ரத்தத்தைக் காசாக்குவது போல் ஆகிவிடும் என்று அவருக்குப் பட்டது.